நாலு மாரி கண்ட ஆர்.ஓ: யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீரில் பாவித்துப் பார்த்ததில்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆர்.ஓ, அதாவது மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வுக்குள்ளால் தண்ணீரை அழுத்திக் கரைந்த உப்பைப் பிரிக்கும் மெசின், வாங்கலாம், ஆனால் குடிக்கவும் சமைக்கவும் மட்டும். குசினித் தொட்டிக்குக் கீழே பூட்டும், நாளுக்கு 75 கலன் தரும் வகை ஒரு குடும்பத்துக்குத் தாராளம். முழு வீட்டுக்கும் பூட்டினால் காசும் போகும், கிணறும் இறங்கும். மெசினைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் தண்ணீரைப் பரிசோதிக்காமல் வாங்கியவர்கள்.

விற்க வருபவர் ரீ.டி.எஸ். மீற்றரைத் தம்ளருக்குள் விட்டு 780 என்று காட்டுவார். அந்த இலக்கம், மின்சாரம் எவ்வளவு கடத்தப்படுகிறது என்பதை வைத்துக் கரைந்த உப்புகளின் மொத்தத்தை மதிப்பிடுவது. சுண்ணக்கல்லுக்குள் ஊறிவரும் தண்ணீரில் அது கூடத்தான் இருக்கும். குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614, அதற்கு எல்லை லீற்றருக்கு 500 மில்லிகிராம் என்கிறது, கடினத்தன்மைக்கு 250. இவை இரண்டும் மீறினால் கேத்திலில் வெள்ளை படியும், சவர்க்காரம் நுரைக்காது, தேத்தண்ணி சப்பென்று இருக்கும். தொல்லைதான்.

ஆபத்து நைத்திரேற்றில். எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். ருசி, மணம், நிறம் எதுவும் இல்லை. அந்த 780க்குள் 90 மில்லிகிராம் நைத்திரேற்று ஒளிந்திருந்தாலும் மீற்றர் பிரித்துக் காட்டாது. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவும் எருவும், வளவுக்குள் இருக்கும் மலக்குழியும் செம்மண்ணைத் தாண்டினால், பிறகு சுண்ணக்கல் வெடிப்பு வழியே நேரே கிணறுதான். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி விட்டாச்சு என்ற நிம்மதி இந்த நிலத்தில் அரைகுறை நிம்மதி. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. ஆவியாகிய அளவுக்குச் செறிவு கூடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொதித்தாறிய கிணற்று நீரில் பால்மா கரைக்கும் வீடுகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மண் பில்டரும் கரி பில்டரும் இதற்கு உதவாது.

ஆய்வுகூடத்தின் பரிசோதனை அறிக்கை கைக்கு வந்ததும் நைத்திரேற்று என்று எழுதியிருக்கிறதா, நைத்திரேற்று-நைதரசன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவதென்றால் 4.43 ஆல் பெருக்க வேண்டும். 15 என்று சின்னதாகத் தெரிவது உண்மையில் 66.

பரிசோதனைக்குத் தண்ணீர் எடுக்கும் காலமும் முக்கியம். சவர்த்தன்மை பார்ப்பதென்றால் கோடைக் கடைசியில், ஆவணி புரட்டாதியில். நைத்திரேற்றும் கிருமியும் மாரி தொடங்கி நிலம் ஊறிய பிறகு. இரசாயனப் பரிசோதனைக்குச் சுத்தமான பிளாஸ்ரிக் போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, வாய்வரை நிரப்பி மூடலாம். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தல் மட்டும். அதை அலசக் கூடாது, மூடியின் உட்பக்கத்தில் விரல் படக் கூடாது. குழாய் வாயைத் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணித்தியாலத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதல் நாள் பிடித்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த தண்ணீருக்கு வரும் பெறுபேற்றை நம்பி ஒன்றும் செய்ய முடியாது.

இனி மெசின். ரீ.டி.எஸ். மீற்றருக்கு உண்மையான வேலை இங்கேதான். பூட்டிய அன்றே உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வருவதையும் அளந்து எழுதி வையுங்கள். 800 போய் 40 வந்தால் 95 வீதம் தடுக்கிறது. 120 வரத் தொடங்கினால் 85 வீதம். மெம்பிரேன் மாற்றும் நேரம். ருசி இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது என்று இழுக்கக் கூடாது. கல்சியத்தைத் தடுக்கும் அளவுக்கு மெம்பிரேன் நைத்திரேற்றைத் தடுப்பதில்லை, பழசானால் அதுதான் முதலில் நழுவும்.

ஒரு லீற்றர் நல்ல தண்ணீருக்குச் சுமார் மூன்று லீற்றர் கழிவாகப் போகும். மனம் பொறுக்காமல் கழிவுக் குழாயை நசுக்குவதோ, கட்டுப்படுத்தும் சின்னத் துண்டை மாற்றுவதோதான் இங்கே மெம்பிரேன் சீக்கிரம் சாக முதல் காரணம். கழுவிப் போக வேண்டிய சுண்ணாம்பு உள்ளேயே கல்லாகப் பிடித்துக்கொள்ளும். கழிவை வாளியில் பிடித்து மலகூடத்துக்கும் முற்றம் கழுவவும் பாவிக்கலாம். கிணற்றடியில் ஊற்ற வேண்டாம். முதலாவது வடிகட்டியை மூன்று நான்கு மாதத்தில் மாற்ற வேண்டும், செம்மண் நிறம் ஏறினால் அதற்கு முன்னரே. யூ.வி. (புற ஊதா) விளக்கு ஒரு வருடத்துக்குப் பிறகும் எரியும், ஆனால் கிருமி கொல்லும் பலம் குறைந்திருக்கும்.

வெள்ளம் கிணற்றுக்குள் போனாலோ அறிக்கையில் ஈகோலை (மலத்தில் இருந்து வரும் கிருமி) வந்தாலோ கிணற்றுக்குக் குளோரின் போட வேண்டும். விட்டம் 2.5 மீற்றர், தண்ணீர் 2 மீற்றர் என்றால் ஏறக்குறைய 10,000 லீற்றர். லீற்றருக்கு 50 மில்லிகிராம் கணக்கில் 500 கிராம் குளோரின் வேண்டும். 30 வீதப் பவுடரென்றால் ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைய, 65 வீதமென்றால் முக்கால் கிலோ. திறந்து கிடந்த பவுடர் பலம் இழந்திருக்கும். கிணற்றில் மீன் விட்டிருந்தால் முதலில் பிடித்து வேறிடத்தில் விடுங்கள். பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீரை எடுத்து அதற்குள் பவுடரைக் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்ததை மட்டும் சுற்றிவர ஊற்றிக் கலக்க வேண்டும். பிறகு மோட்டாரைப் போட்டு ஒவ்வொரு குழாயிலும் மணம் வரும்வரை ஓடவிட்டு, ஓர் இரவு அப்படியே விட வேண்டும். அதற்கு முன் ஆர்.ஓவுக்குப் போகும் வால்வைப் பூட்டுங்கள். இவ்வளவு குளோரினை கரி வடிகட்டி தாங்காது, மெம்பிரேன் ஒரே நாளில் பழுதாகும். மறுநாள் மணம் போகும்வரை இறைத்து, ஒன்றிரண்டு கிழமை கழித்துத் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். சுண்ணக்கல்லுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் இது காவல் இல்லை, ஒரு தரக் கழுவல்தான்.

கரையோரத்திலும் தீவுகளிலும் இறைக்கும்போது ஒட்ட வற்ற இறைக்கக் கூடாது. அங்கே நன்னீர், உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. மேலே ஓரடி குறைந்தால் கீழே உப்பு எல்லை 40 அடிவரை ஏறலாம் என்பது கணக்கு. விட்டுவிட்டு இறையுங்கள்.

எண்ணெய் மணமோ, மேலே வானவில் நிறப் படலமோ தெரிந்தால் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளின் எண்ணெய்ப் பிரச்சினை 2019 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புவரை போனது பலருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட தண்ணீரை ஆர்.ஓவுக்குள் விட வேண்டாம். எண்ணெய், கிறீஸ் பரிசோதனையைப் படிவத்தில் தனியாகக் கேட்டு எழுத வேண்டும். வழமையான பட்டியலில் அது இராது.