குறைந்த ஜிபிஏவோடு மருத்துவக் கல்லூரிக்கு: போஸ்ட்-பேக்கா, எஸ்.எம்.பி.யா?

அமெரிக்காவில் டாக்டராக ஆசைப்படுகிற பிள்ளை 4க்கு 2.9 ஜிபிஏவோடு (மதிப்பெண் சராசரி) பட்டம் வாங்கி நிற்கும்போது, நம் வீடுகளில் முதலில் எழுகிற யோசனை, "ஒரு மாஸ்டர்ஸ் பண்ணிட்டா சரியாயிடாதா?" என்பதுதான். அங்கே டாக்டராவதற்கான எம்.டி. பட்டம் தருகிற கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களின் சராசரி ஜிபிஏ சமீப ஆண்டுகளில் 3.77, 3.79 என்று போகிறது. மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டில் சராசரி 511க்கு மேல். அதைப் பார்த்துவிட்டுப் பதற்றத்தில் எதையாவது எடுத்துப் படித்தால் காசும் போகும், வருடமும் போகும்.

உண்மையில் இரண்டு வழிகள் போட்டியில் இருக்கின்றன. பட்டத்துக்குப் பிறகும் இளங்கலை நிலையிலேயே மேலும் அறிவியல் பாடங்கள் படிப்பது போஸ்ட்-பேக். மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுப் பாடங்களை ஒட்டி ஓராண்டு முதுகலை படிப்பது எஸ்.எம்.பி., அதாவது ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் ப்ரோக்ராம். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் 1975இல் தொடங்கியதுதான் இதற்கு முன்னோடி.

முதலில் கணக்கு. எம்.டி. விண்ணப்பங்களைக் கையாளும் ஆம்காஸ், போஸ்ட்-பேக் மதிப்பெண்ணை இளங்கலை ஜிபிஏவோடு சேர்த்துக்கொள்கிறது. முதுகலை மதிப்பெண்ணைத் தனியாக வைக்கிறது. ஆகவே எஸ்.எம்.பி.யில் 3.9 வாங்கினாலும் அந்தப் பழைய 2.9 அப்படியே நிற்கும். 3.0க்குக் கீழே இருக்கும் விண்ணப்பத்தை ஆள் படிப்பதற்கு முன்பே ஒதுக்கிவிடுகிற கல்லூரிகளும் உண்டு.

சரி, போஸ்ட்-பேக் எவ்வளவு தூக்கும்? 120 கிரெடிட்டில் 2.9 என்றால் 348 புள்ளிகள். இன்னும் 30 கிரெடிட் முழுக்க 'ஏ' (கிரெடிட்டுக்கு 4 புள்ளி) வாங்கினால் 120 புள்ளிகள் கூடும். 468ஐ 150ஆல் வகுத்தால் 3.12. ஒரு வருட உழைப்புக்கு இவ்வளவுதானா என்று மனசு சோரும். ஆனால் பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், மேத்ஸ் நான்கையும் சேர்த்துத் தனியாகப் போடுகிற பிசிபிஎம் ஜிபிஏவைப் பாருங்கள். 40 கிரெடிட்டில் 2.6 இருந்த இடத்தில், அதே 30 'ஏ' கிரெடிட்டும் அறிவியலாக இருந்தால், 3.2 ஆகிவிடும். தேர்வுக் குழுவின் கண் போகிற இடம் இது. கடைசி இரண்டு மூன்று செமஸ்டர் வரிசையாக 'ஏ' என்று நிற்பதும் அவர்களுக்கு ஒரு சேதி சொல்லும்.

'சி' வாங்கிய ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் திரும்பப் படித்து 'ஏ' வாங்கினால் பழையது மறைந்துவிடும் என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். ஆம்காஸில் இரண்டும் கணக்கில் வரும். டாக்டராவதற்கான இன்னொரு பட்டமான டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவம்) தருகிற கல்லூரிகளின் விண்ணப்பங்களைக் கையாளும் ஆகோமாஸ் ஒரு காலத்தில் புதிய மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது; 2017இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். எனவே 'சி'க்குக் கீழே போன பாடங்களைத்தான் திரும்ப எடுக்க வேண்டும். மற்ற இடத்தில் பயோகெமிஸ்ட்ரி, பிசியாலஜி, செல் பயாலஜி, இம்யூனாலஜி என்று மேல்நிலைப் பாடங்களுக்குப் போவதே நல்லது.

போஸ்ட்-பேக்கிலும் ஒரு குழி இருக்கிறது. பிரின் மார், கௌச்சர் போன்ற பெயர்பெற்ற திட்டங்கள் அறிவியலே படிக்காமல் வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கானவை. ஜிபிஏவைச் சரிசெய்ய அங்கே விண்ணப்பிப்பது வீண். பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் சாராத மாணவராகச் சேர்ந்து, தேவையான பாடங்களைத் தேர்ந்து படித்தாலே போதும். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்பது இதில் பெரிய ஆறுதல்.

எஸ்.எம்.பி.யின் பலம் வேறு. சில இடங்களில் மருத்துவ மாணவர்களோடு அதே வகுப்பில் உட்கார்ந்து, அதே தேர்வை எழுத வைக்கிறார்கள். அங்கே நன்றாகச் செய்தவரைப் பார்த்து 'இவரால் தாக்குப்பிடிக்க முடியுமா' என்று யாரும் கேட்க முடியாது. குறிப்பிட்ட மதிப்பெண் எடுத்தால் தன் கல்லூரியிலேயே நேர்காணல் உறுதி என்கிற திட்டங்களும் உண்டு, எஸ்.எம்.பி.தான் என்று முடிவானால் அப்படிப்பட்டதையே தேடுங்கள். ஆனால் அங்கே 'பி'யும் 'சி'யுமாக வந்தால், மருத்துவப் பாடமே வரவில்லை என்று நாமே எழுதிக் கொடுத்த மாதிரி. அதன்பிறகு மீள்வது மிகவும் கஷ்டம்.

பணத்தையும் பேசியாக வேண்டும். ஓராண்டு எஸ்.எம்.பி.க்குக் கல்விக் கட்டணம் மட்டுமே 40,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிற முதுகலை மாணவர்களுக்கு கிராட் பிளஸ் என்கிற மத்திய அரசின் கூடுதல் கடன் கிடையாது. மத்திய அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர் வரைதான். மிச்சத்துக்குத் தனியார் கடன், அதற்குப் பெரும்பாலும் அப்பா அம்மாவின் கையெழுத்து. பிள்ளை தயாராக இல்லாமல் இந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

என் கருத்து இது: 3.0க்குக் கீழே இருப்பவர்களுக்கு முதலில் போஸ்ட்-பேக்தான். ஏற்கெனவே 150, 160 கிரெடிட் சேர்ந்து ஜிபிஏ அசையாத நிலையில் இருப்பவர்கள், 3.0ஐத் தாண்டி எம்கேட்டும் நன்றாக எழுதியவர்கள் எஸ்.எம்.பி.யை யோசிக்கலாம். டெக்சாஸ்வாசிகளுக்கு மட்டும் தனிச் சலுகை உண்டு. அகாடமிக் ஃபிரெஷ் ஸ்டார்ட் சட்டப்படி, பத்து வருடத்துக்கு முந்தைய பாடங்களை அந்த மாநிலப் பொதுக் கல்லூரிகள் கணக்கில் எடுக்காமல் விடச் சொல்லிக் கேட்கலாம்.

எந்த வழியானாலும், முதலில் மதிப்பெண் ஏன் சரிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். பகுதிநேர வேலையா, உடம்பா, மனச்சோர்வா, படிக்கிற முறையா? அது தீராமல் மறுபடி வகுப்பில் போய் உட்கார்ந்தால் பழைய மதிப்பெண்தான் திரும்ப வரும். அதைப் பிள்ளையிடம் அதட்டாமல் கேளுங்கள். அப்புறம், விண்ணப்பிக்க அவசரப்படுத்தாதீர்கள். ஆம்காஸ் விண்ணப்பத்தை மே கடைசி, ஜூன் வாக்கில் அனுப்புகிறார்கள். செப்டம்பரில் தொடங்கப்போகிற படிப்பின் மதிப்பெண் அதில் இருக்காது. படித்து முடித்து, மதிப்பெண் எல்லாம் டிரான்ஸ்கிரிப்டில் ஏறிய பிறகு, அடுத்த ஜூனில் அனுப்புவதே சரி.

"கரீபியன் கல்லூரிக்கு அனுப்பிடலாமே" என்று யாராவது சொன்னால் ஒரு கணக்கைக் காட்டுங்கள். படிப்பு முடித்தவர்களுக்கு ரெசிடென்சி என்கிற மருத்துவமனைப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் முறைக்கு மேட்ச் என்று பெயர். 2024 மேட்சில் எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கும், டி.ஓ. மாணவர்களில் 92.3 சதவீதம் பேருக்கும் ரெசிடென்சி கிடைத்தது. வெளிநாட்டுக் கல்லூரியில் படித்த அமெரிக்கக் குடிமக்களுக்கு அது 67 சதவீதம். டி.ஓ. கல்லூரிகளில் சேர்பவர்களின் சராசரி ஜிபிஏ 3.6 அளவில்தான் இருக்கிறது. கரீபியனுக்கு முன்னால் அந்தக் கதவை ஒருமுறையாவது தட்டிப் பார்க்க வேண்டும்.