வெள்ளம் தாங்கும் இனிப்புச் சோள விதை: வேர் எவ்வளவு தாங்கும்?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா பக்கத்து உரக்கடையில் தொங்கும் இந்த இனிப்புச் சோள விதைப் பொட்டலத்தில் 'வெள்ளம் தாங்கும்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. எத்தனை நாள், செடியின் எந்த வளர்ச்சிப் பருவத்தில் என்று எங்கும் இல்லை. பாரிட் (வடிகால் வாய்க்கால்) ஓரத்தில் சோளம் போடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதே அதுதான்.

முளைக்கும்போது இது ஈரத்தைத் தாங்காது. இனிப்புச் சோள விதையில் மாவுச்சத்து குறைவு. நனைந்த மண்ணில் சர்க்கரை கசிந்து பூஞ்சணம் பிடித்து அழுகும். மேலே பூசியிருக்கும் மருந்து ஓரளவுதான் காக்கும். (மீந்த விதையைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.) 2 முதல் 3 செ.மீ. ஆழம் போதும். ஆறு இலை வரும்வரை குருத்து மண்ணுக்குள்ளேதான் இருக்கும். அதற்குள் தண்ணீர் மூடி 2 முதல் 4 நாள் நின்றால் பயிர் போய்விடும், வெக்கையில் இன்னும் சீக்கிரம். அக்டோபர் மழைக்கு முன் ஆறு இலையைத் தாண்டும்படி செப்டம்பர் தொடக்கத்தில் ஊன்றுங்கள்.

அதன் பிறகு வேர் பேசும். சாதாரணச் சோளம் தண்ணீர் நின்ற பிறகுதான், செடியே சுரக்கும் எத்திலீன் வாயு வேரில் தேங்கி, தோலுக்கு அடியிலுள்ள புறணிச் செல்கள் செத்து, ஆக்சிஜன் போகும் காற்றறைகளை உண்டாக்கும். அது முடிவதற்குள் இலை மஞ்சளாகிவிடும். நிகராகுவாவின் தாழ்நிலத்தில் வளரும் காட்டுச் சோளமான தியோசின்டே வகையிலோ நல்ல மண்ணிலும் அந்த அறைகள் முன்கூட்டியே இருக்கும். ஆக்சிஜன் வழியில் கசியாமல் நுனிவரை போக வேரின் புறத்தில் ஒரு தடுப்பும் உண்டு. ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தக் குணங்களைச் சோளத்தில் சேர்க்கப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள்.

பொட்டலம் இதில் எது சேர்ந்தது என்று சொல்லவில்லை. வெட்டிப் பார்க்கலாம். தண்ணீர் நிற்காத மேட்டுப் பாத்தியில் நன்றாக உரம் வைத்த ஒரு செடியைப் பிடுங்கி, தண்டின் கணுவிலிருந்து இறங்கும் கணுவேரை நுனியிலிருந்து ஒரு சாண் தள்ளி பிளேடால் குறுக்கே சீவி, பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வேரின் நடுத்தண்டுக்கும் தோலுக்கும் இடையே ஓட்டைகள் தெரிந்தால் நல்ல அடையாளம். உரம் காணாத செடியிலோ காய்ந்த செடியிலோ பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். நைட்ரஜன் பற்றாக்குறையும் வறட்சியும்கூட இதே ஓட்டைகளைப் போடும்.

எந்த விதையானாலும் 20 முதல் 30 செ.மீ. உயரப் பாத்தி வேண்டும். வெள்ளத்துக்குப் பின் தண்டின் அடியில் வெள்ளை வேர் வந்தால் மண்வெட்டியால் கொத்தாதீர்கள், செடி அதில்தான் மூச்சு விடுகிறது. தண்ணீர் நிற்கும்போது யூரியா போட்டால் நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். மண் வடிந்து, கால் புதையாத அளவுக்கு இறுகிய பிறகு போடுங்கள்.

மேட்டுநிலத்தில் போடுகிறவர் இதற்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. பாரிட் ஓரத்துக்காரர் ஒரு பாத்திக்கு மட்டும் வாங்கி, வேரை வெட்டிப் பார்த்துவிட்டு மிச்சத்தை முடிவு செய்யலாம். எஃப்1 (முதல் தலைமுறைக்) கலப்பு என்பதால் அறுத்த கதிரிலிருந்து விதை எடுத்து வைப்பது வீண்.