1,480 டாலர் போச்சு: ஆஃப்ரோடு ட்ரெய்லர் ஹிட்ச் மாற்றப் போறவங்க உடனே படிங்க

ஆஸ்திரேலியாவில் கேம்பர் ட்ரெய்லர் இழுக்கிற நம்ம ஆட்கள் யாரும் இன்னொரு முறை இப்படி ஏமாறக் கூடாது. புது ஹிட்ச், அதாவது ட்ரெய்லரைக் காரோட இணைக்கிற பாகம், மாட்ட 1,480 டாலர் கட்டிப் பதினோரு நாள்தான் ஆகுது. ட்ரெய்லரில் இப்போ பிரேக்கே கிடையாது.

ட்ரெய்லர் சாமானோட 1,400 கிலோ. அதில் இருந்தது சாதாரண 50 மி.மீ. பால் கப்ளிங் (காரில் இருக்கிற இரும்பு உருண்டை மேல கவிழ்ந்து பிடிக்கிற கிண்ணம்), ஓவர்ரைடு பிரேக்கோட (ட்ரெய்லர் காரைத் தள்ளுற தள்ளலிலேயே பிடிக்கிற பிரேக்). தார் ரோட்டுக்கு அது தாராளம். ஓடையில் இறங்கும்போதுதான் வினை. கார் ஒரு பக்கம் சாயும், ட்ரெய்லர் மறுபக்கம் சாயும். பால் கப்ளிங் ஓரளவுதான் திரும்பும். அதுக்கு மேல கிண்ணத்தோட விளிம்பு பாலின் கழுத்தில் முட்டி நின்னுடும். அந்த முறுக்கு அத்தனையும் டிராபாருக்கும் (ட்ரெய்லரோட முன் சட்டம்) டோபாருக்கும் (காரோட பின்பக்க இழுவைச் சட்டம்) போகும். வெல்டிங் விரியும், சில நேரம் கிண்ணமே பாலை விட்டுக் கழன்று வந்துடும். அதனால்தான் 360 டிகிரி சுழலும் கப்ளிங் தேவைப்பட்டது.

கடை மெல்போர்ன் தென்கிழக்கில் இருக்கிற ஒரு ஃபோர் வீல் டிரைவ் உதிரிபாகக் கடை. கவுண்டரில் இருந்தவர் தமிழ். "அண்ணா, இது மூன்றரை டன் தாங்கும், கண்ணை மூடிட்டு எடுங்க. மாட்டுறதும் நாங்களே பார்த்துக்கிறோம்"னார். ட்ரெய்லரில் இருப்பது ஓவர்ரைடு பிரேக், அது வேலை செய்யுமான்னு நேரடியாவே கேட்டாச்சு. "எல்லாம் செட் ஆயிடும்ணா" என்ற அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் கார்டைத் தேய்ச்சது. கப்ளிங் 690, டோபாரில் செருகும் பாகம் 310, கூலி 480. மொத்தம் 1,480.

ஓவர்ரைடு பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா அந்தப் பதில் எவ்வளவு பெரிய பொய்னு புரியும். கார் வேகம் குறையும்போது பின்னால் வரும் ட்ரெய்லர் காரை முட்டித் தள்ளும். அந்தத் தள்ளலில் கப்ளிங் பின்பக்கமா வழுக்கி, ஒரு நெம்புகோலைத் தள்ளும். நெம்புகோல் கேபிளை இழுக்கும், சக்கரத்தில் பிரேக் பிடிக்கும். வழுக்குகிற கப்ளிங்தான் அங்கே பிரேக் பெடல். அதைக் கழற்றிட்டு வழுக்காத கப்ளிங்கை போல்ட் போட்டு இறுக்கினா, கேபிளை இழுக்க ஆளே இல்லை. ஹேண்ட் பிரேக்கும் அதே கேபிள்தான், அதுவும் போச்சு. கீழே குனிஞ்சு பார்த்தா கேபிளைச் சுருட்டி, பிளாஸ்டிக் டை போட்டு சட்டத்தில் கட்டி வெச்சிருக்காங்க! தெரியாம நடந்ததில்லை இது. தெரிஞ்சே கட்டியிருக்காங்க.

சக்கரத்தில் இறங்கும் எடை, அதாவது ஜிடிஎம், 750 கிலோவைத் தாண்டினாலே இங்கே பிரேக் கட்டாயம். இந்த நிலையில் ரோட்டில் ஏற்றவே முடியாது. மலை இறக்கத்தில் 1,400 கிலோ பின்னாலிருந்து தள்ளினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. காருக்குள்ளே குழந்தைகள் உட்கார்ந்திருப்பாங்க.

முதல் போனுக்கு "மேனேஜர் இல்லை". இரண்டாவதுக்கு "பில்லில் கப்ளிங்னுதான் இருக்கு, பிரேக் எங்க வேலை இல்லை". நேரில் போனா "மாட்டின பொருளைத் திருப்பி எடுக்க மாட்டோம்". கடைசியில் அதே தம்பி, 200 டாலருக்குக் கடையிலேயே வேற ஏதாவது எடுத்துக்கச் சொல்றார். கொடுத்தது 1,480! அதுக்கப்புறம் மெசேஜைப் பார்க்கிறாங்க, பதில் இல்லை.

ஹிட்ச் வகை ஒவ்வொன்றையும் விளக்கமா எழுதணும்னுதான் ஆரம்பிச்சது. இப்போ அந்தப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

கப்ளிங்கைப் பார்க்கும் முன் ட்ரெய்லர் பிரேக் எந்த வகைன்னு பாருங்க. ஓவர்ரைடுன்னா, ஓவர்ரைடுக்குன்னே செய்த ஆஃப்ரோடு கப்ளிங் வாங்குங்க. இல்லேன்னா எலக்ட்ரிக் பிரேக்குக்கு மாறணும். அதுக்கு அச்சில் புது பிரேக், வயரிங், காரில் கன்ட்ரோலர்னு தனிச் செலவு. முதல்லயே கணக்குப் போடுங்க.

தாங்கும் எடை இரும்பிலேயே பொறிச்சிருக்கணும். ஸ்டிக்கரை நம்பாதீங்க. போல்ட் தலையில் வலிமைத் தரம் குறைஞ்சது 8.8னு பொறிச்சிருக்கணும். இங்கே மாட்டினதில் இரண்டு போல்ட்டில் எந்தக் குறியும் இல்லை.

இராணுவ வண்டி மாதிரி பின்டில் கொக்கி (ட்ரெய்லர் வளையத்தை மாட்டி மேலே மூடுற கொக்கி) வேணும்னு சிலர் ஆசைப்படுறாங்க. சின்ன ட்ரெய்லருக்கு வேண்டாம், வளையம் தளர்வா உட்காருவதால் வழி முழுக்க இடிச்சுக்கிட்டே வரும். பாலிபிளாக் பின் வகை (பிளாஸ்டிக் மாதிரி கட்டையோட துளையில் பின் செருகி இணைக்கிறது) பரவாயில்லை, ஆனா மேடுபள்ளத்தில் துளையும் பின்னும் நேராகிற வரை காரை முன்னும் பின்னும் நகர்த்தணும்.

"பிரேக் வேலை செய்யும்"னு பில்லில் எழுதி வாங்குங்க. வாயால் சொன்னதுக்கு இன்னைக்கு இங்கே சாட்சி இல்லை.

மாட்டின பொருளைத் திருப்ப மாட்டோம்னு கடை சொன்னா அதோட முடிஞ்சுடாது. வேலையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்து தரணும்னு இங்கே நுகர்வோர் சட்டம் இருக்கு. கேபிள் கட்டியிருந்த படம், பில், மெசேஜ் எல்லாம் எடுத்து வெச்சாச்சு. 1,480 டாலருக்கும் திங்கட்கிழமை விசிஏடி தீர்ப்பாயத்தில் (நுகர்வோர் வழக்குகளையும் விசாரிக்கிற விக்டோரியா மாநிலத் தீர்ப்பாயம்) மனு போகுது.