மூன்று பெட்டி, ஒரு மேசை: முதல் மாடல் காருக்கு எந்தக் கிட்?

கார் மாடல் கட்ட ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கிட் வாங்கலாம்?" என்பதுதான். கிட் என்றால், நாமே ஒட்டிக் கட்ட வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி. நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். முடித்த வண்டி கண்ணாடி அலமாரியில் பளபளவென்று நின்றால் போதுமா? பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்ட வேண்டுமா? இல்லை, ஒரு காலத்தில் உங்கள் வீட்டு வாசலில் நின்ற அதே வண்டிதான் வேண்டுமா? முதல் ஆசைக்கு ஜப்பான் கிட், இரண்டாவதற்கு அமெரிக்கன் கிட், மூன்றாவதற்கு ரெசின், அதாவது அச்சில் ஊற்றிக் கெட்டியாக்கிய பிசின் பாடி.

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு வளவை ஒட்டிய தாழ்வாரத்தில் மேசை போட்டு, 11 வருடமாக மூன்றையும் கட்டியிருக்கிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் வண்டி ஜப்பானாக இருக்கட்டும். ஆனால் கிட்டுக்காக யோசிக்கிற அளவுக்குப் பெயிண்டுக்கும் யோசியுங்கள். நம் ஊரில் பாதி வண்டிகள் கெட்டுப்போவது பெயிண்ட் அடிக்கும் அன்றுதான்.

அளவைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். ஜப்பான்காரர்கள் பெரும்பாலும் 1/24. அசலில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம். அமெரிக்கர்கள் 1/25. ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடர் 1/24-ல் 18 சென்டிமீட்டர், 1/25-ல் 17 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஒரே தட்டில் இரண்டும் நின்றால் உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஜப்பான் கிட்

டமியா, அயோஷிமா, ஃபுஜிமி என்ற மூன்று கிட் கம்பெனிகளுக்கும் ஊர் ஜப்பானின் ஷிசுவோகா. ஹசெகாவாவும் அதே மாகாணம்தான். டமியா 1946-ல் மரக் கம்பெனியாகத் தொடங்கி, மர மாடல்கள் செய்து, 1960-ல்தான் பிளாஸ்டிக் கிட்டுக்கு வந்தது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. பர்மா தேக்கில் நிலையும் கதவும் ஒரு நூல் பிசகாமல் சேர்த்த ஆசாரிகளின் வேலையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். டமியா கிட்டில் பம்பரை பாடியில் வைத்ததும் 'டிக்' என்று உட்காரும்போது அதே கைப்பழக்கம்தான் நினைவுக்கு வரும். 1976-ல் வந்த போர்ஷே 934 மாடலுக்காக, கம்பெனியை நடத்திய ஷுன்சாகு டமியா ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்திருக்கிறார். அந்த அக்கறை பெட்டிக்குள் இருக்கிறது.

புதிதாக வருகிறவருக்கு இதனால் என்ன லாபம்? புட்டி வைக்கும் வேலை அநேகமாக இல்லை. படத்தைப் பார்த்தே கட்டிவிடலாம், மொழி தேவையில்லை. கண்ணாடி ஓரத்துக்குக் கறுப்பு அடிக்க, மற்ற இடத்தை மறைக்கும் மாஸ்க்கிங் ஷீட்டும் பல கிட்களில் கூடவே வரும். டமியாவின் 1966 மாடல் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். ஒரே நிறம், உருண்ட உடம்பு. நீங்கள் அடித்த பெயிண்ட் நல்லதா கெட்டதா என்பதை அந்த வளைவுகள் ஒளிக்காமல் காட்டிவிடும்.

குறையும் உண்டு. ஜப்பான் கார் கிட்களில் நிறைய எஞ்சின் இல்லாதவை. பானெட் பாடியோடு சேர்ந்தே வார்க்கப்பட்டிருக்கும். அப்புறம் விலை. பொம்மைகளுக்கும் மாடல்களுக்கும் இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. வெளிநாட்டுக் கடையில் பார்த்த விலையை மனதில் வைத்துக்கொண்டு இங்கே வாங்கப் போனால் மனம் கஷ்டப்படும்.

அமெரிக்கன் கிட்

ஏஎம்டி கம்பெனி 1958-ல் 'மூன்றில் ஒன்று' என்ற கிட் முறையைக் கொண்டுவந்தது. ஒரே பெட்டியில் மூன்று விதத்துக்கும் பாகம் இருக்கும்: கம்பெனி வண்டி, அலங்கார வண்டி, ரேஸ் வண்டி. எப்படிக் கட்டுவது என்பது உங்கள் இஷ்டம். மிஞ்சிய பாகங்கள் அடுத்த வண்டிக்கு ஆகும். என்னிடம் அப்படி மிஞ்சிய சக்கரங்களும் கார்புரேட்டர்களும் ஒரு பழைய ஐந்தறைப் பெட்டி நிறைய இருக்கின்றன.

பெட்டியைத் திறந்ததும் பலர் முகம் சுளிப்பார்கள். பல கிட்கள் 1960-களில் செய்த அச்சிலிருந்தே இன்றும் வருகின்றன. ஓரங்களில் மெல்லிய பிசிறு, தடித்த இடங்களில் சின்னக் குழி, கூரை நடுவே அச்சுக்கோடு. 400 நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து 1000 வரை தண்ணீர் விட்டுத் தேய்க்க வேண்டும். டமியாவில் ஒரு மாலையில் ஒட்டி முடிக்கும் சேஸிஸ் இங்கே நான்கு மாலை எடுக்கும். பொறுமை இல்லாதவருக்கு இந்தப் பெட்டி வேண்டாம்.

ஆனால் எஞ்சின்! எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பைத்தியம் பிடித்தது அங்கேதான். 1957 செவர்லே பெல் ஏர், 1/25. கிட்டில் வி-8 எஞ்சின் தனித்தனிப் பாகமாக வரும், பிளக் வயர் மட்டும் வராது. நாமே போட வேண்டும். அசல் பிளக் வயர் 7, 8 மில்லிமீட்டர் தடிமன். 25-ஆல் வகுத்தால் 0.3. மோட்டார் காயில் கட்டும் கடையில் 30 கேஜ் செம்பு வயர் கேட்டேன், 0.3 மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூட. கடைக்காரர் அறுந்த துண்டுகளைச் சுருட்டிக் காசு வாங்காமல் கொடுத்தார். ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் தலை ஒரு மிளகு அளவுதான். கைத்துளைப்பானில் 0.35 பிட் போட்டு அதில் ஒன்பது ஓட்டை: சுற்றிலும் எட்டு, நடுவில் காயிலுக்கு ஒன்று. மூன்று தலை உடைந்து நான்காவது நின்றது. வயருக்குக் கறுப்பு அடித்து, ஒவ்வொன்றாக இடுக்கியால் பிடித்து மாட்டி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

அதைப் பெருமையோடு தெருமுனைப் பட்டறையில் இருக்கும் பெரியவரிடம் காட்டினேன். பெரிய வீடுகளின் பழைய கார்களை ரிப்பேர் பார்த்தே தலை நரைத்தவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தம்பி, அழகாத்தான் இருக்கு. ஆனா வண்டி ஸ்டார்ட் ஆகாது."

"ஏண்ணே?"

"வயரை வரிசையா மாட்டியிருக்கீங்க. பயரிங் ஆர்டர் பாக்கலையா?"

பயரிங் ஆர்டர் என்றால் சிலிண்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பற்றும் வரிசை. செவர்லே வி-8-க்கு 1-8-4-3-6-5-7-2. ஒரு பக்கம் ஒற்றைப்படை சிலிண்டர்கள், மறுபக்கம் இரட்டைப்படை. வீட்டுக்கு வந்து எட்டையும் பிடுங்கி அந்த வரிசையில் திரும்ப மாட்டினேன். பானெட்டை மூடினால் ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த வண்டியைத்தான் வருகிறவர்களுக்கு முதலில் காட்டுகிறேன்.

ரெசின்

மூன்றாவது பெட்டிக்கு எல்லோரையும் இழுப்பது ஒரே வண்டி, அம்பாசிடர். மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3-இன் வழியில் வந்து, 1958 முதல் 2014 வரை ஓடிய வண்டி. பெரிய கம்பெனிகளின் பிளாஸ்டிக் கிட்டாக அதை நான் பார்த்ததில்லை. அப்போது வழி இரண்டு: சிறு தயாரிப்பாளர் வார்த்துத் தரும் ரெசின் பாடி, அல்லது 3டி பிரிண்ட்.

ரெசினைச் சிலிக்கான் அச்சில் கையால் ஊற்றுவார்கள். அந்த அச்சு சில பத்து வார்ப்புகளிலேயே தேய்ந்துவிடும். அதனால்தான் விலை கூடுதல், ஒரு பாடிபோல் இன்னொன்று இருப்பதுமில்லை. எனக்கு வந்ததில் கதவுக்குக் கீழே உள்ள ஓரம் வளைந்திருந்தது. பயப்படாதீர்கள். கொதித்து இறக்கிய வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டால் ரெசின் இளகும். உடனே ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்து அழுத்தி, ஆறும்வரை கையை எடுக்காதீர்கள். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்ப்பவர்களும் கண்ணாடி மேல்தான் வார்க்கிறார்கள். அதைவிடச் சமமான தளம் வேறு எது?

பெயிண்டுக்கு முன்னால் பாத்திரம் தேய்க்கும் சோப்பில் பாடியைக் கழுவுங்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பிரைமர் பிடிக்காது. பிளாஸ்டிக் கிட்டை உருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் சிமெண்ட் என்ற பசை ரெசினை உருக்காது, இங்கே சூப்பர் க்ளூதான். ஆனால் சூப்பர் க்ளூவைக் கண்ணாடிப் பாகத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி பட்டு என் முதல் வண்டியின் முன் கண்ணாடி பனி பிடித்ததுபோல் வெளுத்துப்போனது. கண்ணாடிக்கு ஃபெவிகால் போதும், காய்ந்ததும் தெரியாது. ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் எப்போதும் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், மாஸ்க் போட்டுக்கொண்டு.

3டி பிரிண்டும் இப்படித்தான், வளைவுக்குப் பதில் படிப்படியாகக் கோடு இருக்கும். பிரைமர் அடித்துத் தேய்த்து, மறுபடி அடித்துத் தேய்த்து, கோடு மறைய நாளாகும். மூன்று வண்டியாவது கட்டிய பிறகு தொடுங்கள்.

டைகாஸ்ட், அதாவது கட்டி முடித்தே விற்கும் உலோக மாடல் பற்றியும் கேட்பார்கள். நல்ல பொருள்தான். ஆனால் அது வாங்குவது, கட்டுவது அல்ல.

ஸ்ப்ரே கேனா, ஏர்பிரஷா?

ஏர்பிரஷ், அதாவது காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவி வாங்கச் சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். 0.3 மில்லிமீட்டர் மூக்குள்ள ஏர்பிரஷ், சின்ன கம்ப்ரசர், 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தம். நன்றாகக் கைவந்துவிட்டால் அதற்கு ஈடில்லை. ஆனால் கலப்பது, அடிப்பது, ஒவ்வொரு நிறத்துக்கும் பிரித்துக் கழுவுவது என்று, முதல் வண்டிக்காரருக்கு வண்டியைவிட அதுவே பெரிய வேலையாகிவிடும். 100 மில்லி லேக்கர் ஸ்ப்ரே கேன் ஒன்று ஒரு பாடிக்குத் தாராளம். முதல் இரண்டு வண்டிக்குக் கேன்தான் என் வாக்கு. பாடிக்குத் தூரிகை வேண்டாம். உள்ளே சீட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் மட்டும்.

டிங்கரிங் பட்டறைகளுக்குப் பெயிண்ட் கலந்து தரும் கடையில் எந்த நிறமும் குறைந்த விலையில் கிடைக்கும். நானும் வாங்குகிறேன். ஆனால் அந்தத் தின்னர் காரமானது. நல்ல பிரைமர் இல்லாமல் அடித்தால் கிட் பிளாஸ்டிக்கைத் தின்று மேற்பரப்பு வெடித்துவிடும். கார்களுக்கு அடிக்கும் 2கே கிளியர், அதாவது இரண்டு திரவம் கலந்து அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சு, கண்ணாடி போல மின்னும், உண்மை. அதில் ஐசோசயனேட் என்ற நச்சு ரசாயனம் இருக்கிறது, சாதாரண மாஸ்க் காக்காது. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அதை நான் திறப்பதில்லை.

இனி வெயிலுக்கு வருவோம். சித்திரையில் நடுப்பகல் அடித்த என் சிவப்பு பீட்டில், காய்ந்தபின் தொட்டால் உப்புத்தாள் மாதிரி இருந்தது. பெயிண்ட் துளி பாடியைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேரெதிர்: தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, கறுப்பு வண்டியில் பால் ஆடை கட்டியதுபோல் வெளுத்துவிடும். இந்த இடத்தில்தான் ஏர்பிரஷ் ஜெயிக்கிறது. மெதுவாகக் காயும் லெவலிங் தின்னரைக் கலந்து சித்திரையிலும் சமாளிக்கலாம். கேனில் அந்த வசதி இல்லை, அதனால் நாளைத்தான் பார்க்க வேண்டும். தை, மாசியில் பனி விலகிய பிறகு, காலை எட்டிலிருந்து பத்துக்குள் அடியுங்கள். அதற்கு முன் தரையில் தண்ணீர் தெளித்து, செம்மண் தூசி அடங்கட்டும். அடித்ததும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.

ஒரே தடவையில் மூட நினைக்காதீர்கள். மெல்லிசாக மூன்று, நான்கு பூச்சு. செட்டிநாட்டுச் சுவர்களில் சுண்ணாம்பைப் பூச்சுப் பூச்சாக ஏற்றி, கடைசியில் முட்டை வெள்ளைக் கரு சேர்த்து, கல்லால் தேய்த்தார்கள். நூறு வருடம் கழித்தும் முகம் தெரிகிறது. கிளியர் அடித்து ஒரு வாரம் விட்டு, 2000 பேப்பரில் தேய்த்து, காம்பவுண்டால் மெருகேற்றிப் பாருங்கள், அதே வேலைதான்.

கீழே விழுந்த பாகத்துக்கு ஒரு வார்த்தை. ஆத்தங்குடித் தரையின் பூக்களுக்கு நடுவே விழுந்த கண்ணாடிப் பிடி கண்ணுக்கே படாது. விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள், நிழல் காட்டிக்கொடுக்கும். இப்போது நான் மேசையடியில் வெள்ளை வேட்டி விரித்துவிடுகிறேன்.

கடைசி வேலை, தூசி பூசுவது. வாசல் செம்மண்ணை எடுத்துப் பூசலாம் என்று தோன்றும். 0.1 மில்லிமீட்டர் மணல் துகள்கூட 1/24-ல் இரண்டரை மில்லிமீட்டர் சரளைக் கல்லாகத் தெரியும். தரைக்கல்லுக்கு நிறம் சேர்க்கும் சிவப்பு ஆக்சைடு பொடிதான் அந்த அளவுக்கு நைசானது. காய்ந்த தூரிகையில் தொட்டு, சக்கர வளைவுக்குள்ளும் கதவின் அடி ஓரத்திலும் மட்டும் வைக்கிறேன். மேலே ஏற்றுவதில்லை. எங்கள் வீட்டு ஐயாவின் அம்பாசிடரில் அவ்வளவு தூசிதான் இருக்கும். மிச்சத்தை டிரைவர் அண்ணன் தினமும் விடியற்காலையில் துடைத்துவிடுவார்.