நெல்லா லார்சனின் 'பாஸிங்': எதற்கு வாங்க வேண்டும், எந்தப் பதிப்பை வாங்க வேண்டும்

வாங்குங்கள். நூற்றுச் சொச்சம் பக்கம்தான், இரண்டு ராத்திரியில் முடித்துவிடலாம். ஆங்கிலம் கொஞ்சம் பழைய ஆங்கிலம், சில வாக்கியங்கள் நீளமாகச் சுற்றி வரும், ஆனால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும். எந்தப் பதிப்பை எடுப்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1929ல் வந்த அமெரிக்க நாவல் இது. கறுப்பினத்தில் பிறந்தவர் அதை மறைத்து வெள்ளையராக நடமாடுவதைத்தான் 'பாஸிங்' என்பார்கள். கிளேர் கறுப்பினத்தில் பிறந்தவள், ஆனால் நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. குடிகார அப்பா செத்ததும் அவளை வெள்ளைக்கார அத்தைப் பாட்டிகள் எடுத்துப் போய் வீட்டு வேலை வாங்குகிறார்கள், இவள் யார் என்று அக்கம்பக்கத்தில் மூச்சு விடக்கூடாது என்கிறார்கள். அவர்கள் கற்றுக்கொடுத்த அதே மறைப்பை வைத்து அவள் ஒரு பணக்கார வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டை விட்டே போய்விடுகிறாள். கறுப்பர் என்றாலே அவனுக்கு ஆகாது, மனைவி யார் என்பதும் தெரியாது. சின்ன வயசுத் தோழி ஐரீன் பல வருஷம் கழித்து இவளைப் பார்க்கிறாள், முழுக் கதையும் அந்த ஐரீனின் கண் வழியாகத்தான்.

அவர்கள் சந்திக்கும் இடத்தை லார்சன் எழுதியிருப்பதைப் பாருங்கள். சிகாகோ வெயிலில் மயங்கி விழாத குறையாக நிற்கும் ஐரீன், டாக்சி பிடித்து ஒரு பெரிய ஓட்டலின் மொட்டைமாடிக்குப் போய் ஐஸ் டீ குடிக்கிறாள். கறுப்பர் என்று தெரிந்தால் எழுந்து போகச் சொல்லிவிடும் இடம் அது. ஐரீனும் கறுப்பினத்தவள்தான், பார்த்தால் தெரியாது, அவ்வளவுதான். பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள், இவளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பெண்தான் கிளேர். இரண்டு பேரும் அதே ரகசியத்தோடு அதே மாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். நகம், உள்ளங்கை, காது, பல் இதையெல்லாம் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவோம் என்று வெள்ளைக்காரர்கள் பீற்றிக்கொள்வதை ஐரீன் அங்கே மனசுக்குள் நினைத்துக்கொள்வாள்.

வடசென்னையில், வியாசர்பாடியில் வளர்ந்த எனக்கு அந்த வயிற்றுக் கலக்கத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்டர்வியூவில் எங்கே இருக்கீங்க என்று கேட்டால் பெரம்பூர் என்று சொல்லப் பழகியவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். காசிமேட்டுக்காரர்கள் ராயபுரம் என்பார்கள். ஓஎம்ஆர் ஆபீசுக்குள் நுழைந்ததும் பேச்சு மாறும், போனில் அம்மாவிடம் பேச மாடிப்படிப் பக்கம் போவார்கள். அண்ணா நகர் பக்கம் வீடு பார்க்கப் போனால் சைவமா அசைவமா என்று ஆரம்பித்து சொந்த ஊர், குலதெய்வம் என்று வளைத்து வளைத்துக் கேட்பார்கள், அந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று இரண்டு பக்கமும் தெரியும்.

இதுவும் அதுவும் ஒன்று என்று சொல்லவில்லை. அங்கே அது சட்டமாகவே இருந்தது. நியூ ஆர்லியன்ஸில் ஹோமர் பிளெஸ்ஸி 1892ல் வெள்ளையர் ரயில் பெட்டியில் ஏறினார். எட்டில் ஒரு பங்குதான் கறுப்பின ரத்தம், தான் யார் என்று அவரே சொல்லாவிட்டால் கண்டக்டருக்குத் தெரிந்திருக்காது, சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடவே திட்டமிட்டு ஏறியவர் அவர். 1896ல் உச்ச நீதிமன்றம் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து வைப்பது சரிதான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1924ல் வர்ஜீனியா, கறுப்பின ரத்தம் ஒரு சொட்டு இருந்தாலும் வெள்ளையர் இல்லை என்று சட்டம் போட்டு கலப்பு மணத்தையும் தடுத்தது, அது செல்லாது என்று ஆக 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிளேர் பொய் சொல்லி யாரை ஏமாற்றினாள் என்று கேட்பவர்கள் முதலில் இந்த வருஷங்களைப் பார்க்கட்டும். நான் கிளேர் கட்சி.

நாவலின் உச்சம் என்று நான் சொல்வது ஒரு டீ விருந்து. கிளேர் தங்கியிருக்கும் இடத்தில் மூன்று பெண்கள், மூவரும் கறுப்பினம், மூவரையும் பார்த்தால் தெரியாது. குழந்தை கறுப்பாகப் பிறந்துவிடுமோ என்று கர்ப்ப காலம் முழுக்கச் செத்துப் பிழைத்ததை கிளேர் சொல்கிறாள், இன்னொருத்தி ஆமாம் என்கிறாள், என் பையன்களில் ஒருவன் கறுப்புதான் என்று ஐரீன் சொன்னதும் பேச்சு அப்படியே நிற்கிறது. அப்போது கிளேரின் புருஷன் உள்ளே வருகிறான். கறுப்பர்களை இழித்துப் பேசும் சொல்லையே சுருக்கி அதைச் செல்லப் பெயராக்கி மனைவியைக் கூப்பிடுகிறான், கல்யாணத்துக்கு அப்புறம் இவள் கறுத்துக்கொண்டே வருகிறாள் என்பதுதான் அவனுக்கு வேடிக்கை. எல்லோரும் சிரிக்கிறார்கள். ஐரீனுக்குச் சிரிப்பை நிறுத்தவே முடியவில்லை. உள்ளே கொதிக்கிறது, ஆனாலும் அவள் வாயைத் திறக்கவில்லை, திறந்தால் கிளேர் கதை முடிந்தது.

என்னை உலுக்கியது அந்த மௌனம்தான். மறைப்பவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், அவர் மறைப்பதைக் காப்பாற்றிக் கொடுக்கும் ஆளை யாரும் கவனிப்பதில்லை. என் பெரியம்மா மகள் வேலைக்குப் போனதிலிருந்து ஆபீசில் வேறு ஏரியா சொல்கிறாள், அவளுடைய கல்யாண ரிசப்ஷனில் அவள் தோழிகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது நாங்கள் எல்லோரும் நிறுத்தி நிதானமாகப் பேசினோம், யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அவள்மேல் கோபமும் இருந்தது, மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பயமும் இருந்தது. ஐரீனுக்குள்ளும் இதே இரண்டும்தான், கூடவே பொறாமையும் சேர்ந்து, நாவல் போகப் போக அவள் சொல்வதை எவ்வளவு நம்புவது என்றே தெரியாமல் போகிறது. இத்தனைக்கும் நல்ல டிக்கெட், நல்ல ஓட்டல் என்று வசதிக்காக அவ்வப்போது தானும் வெள்ளைக்காரியாக நடமாடுபவள் அவள்.

குறை என்றால், ஐரீன் வீட்டு வேலைக்காரப் பெண் கறுப்பினத்தவள், அவளைப் பற்றி நாவலுக்கு அக்கறையே இல்லை. அவள் வாயைத் திறந்திருந்தால் இன்னொரு கதை கிடைத்திருக்கும்.

லார்சனின் அம்மா டென்மார்க்கிலிருந்து வந்தவர், அப்பா கரீபியன் தீவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். நர்ஸ், நூலகர், அப்புறம் இரண்டே நாவல். 1930ல் ஒரு சிறுகதை திருட்டு என்று குற்றச்சாட்டு வந்தது, அதற்குப் பின் நாவல் எதுவும் வரவில்லை, மறுபடி நர்ஸ் வேலைக்கே போய் 1964ல் இறந்துபோனார். நினைத்தாலே மனசு ஆறவில்லை. 2021ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம் நன்றாகவே இருக்கிறது, அதை எடுத்த ரெபெக்கா ஹாலின் அம்மாவழித் தாத்தாவே இப்படி வெள்ளையராக வாழ்ந்தவர். ஆனால் புத்தகத்தை முதலில் படியுங்கள். பழைய ஆங்கிலம் கஷ்டம் என்றால் பிரிட் பென்னட்டின் 'த வானிஷிங் ஹாஃப்' நாவலில் தொடங்கலாம், 2020ல் வந்தது, இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி மட்டும் வெள்ளைக்காரியாகப் போய்விடுகிற கதை.

சரி, பதிப்பு. 2025 தொடங்கியதும் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் காப்புரிமை முடிந்துவிட்டது, இலவசமாகவே படிக்கலாம். அதனால் மலிவுப் பதிப்புகளும் நிறைய. ஆன்லைனில் நூற்றுச் சொச்சம் ரூபாய்க்கு நான் வாங்கியதில் பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப் பிழை, முகப்பில் இருக்க வேண்டிய கவிதை வரிகளைக் காணோம். இன்னொன்று முக்கியம். முதல் அச்சில் இருந்த கடைசிப் பத்தி மூன்றாவது அச்சில் நீக்கப்பட்டுவிட்டது, அதனால் இன்றைக்கும் சில பதிப்பில் அது இருக்கும், சிலவற்றில் இருக்காது, முடிவின் கனமே மாறிவிடுகிறது. இதைக் குறிப்பில் சொல்லும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். முன்னுரையை மட்டும் நாவலை முடித்த பிறகு படியுங்கள், முடிவு என்ன என்பதை அதிலேயே சொல்லிவிடுகிறார்கள்.