மேலூர் ரோட்டு எடை மேடை: மூன்று சீட்டு, ஒரு தெளிவு

பந்தல், சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறவர்கள் மதுரை ஒத்தக்கடை தாண்டி இருக்கும் இந்த எடை மேடைக்கு ஒருதரம் போய் வாருங்கள். பிக்கப்புக்குப் பின்னால் ஜெனரேட்டர் டிரெய்லரை மாட்டி இழுப்பவன் நான். வண்டி இழுக்கிறது, அப்புறம் என்ன என்றுதான் இத்தனை நாளும் ஓட்டினேன். ஆனால் வேகம் கூடினால் ஸ்டியரிங் லேசாகி, முன்பக்கம் தூக்குவது போல இருக்கும்.

மேடையில் இருந்த அண்ணன் அவசரப்படுத்தவே இல்லை. முதலில் மூன்று ஆள், டீசல், கேபிள் சுருளோடு பிக்கப் மட்டும்: 2,890 கிலோ. பிறகு டிரெய்லரை மாட்டி, அதன் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்க: 3,110. கூடிய 220 கிலோ, கொக்கி வழியாக பிக்கப் முதுகில் இறங்கும் பாரம். டிரெய்லர் தனியாக 1,900. அதில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும், குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும் என்றார், ஆக அது சரி.

தப்பு பிக்கப்பில்தான். ஆர்.சி. புக்கில் அனுமதித்த மொத்த எடை 2,950தான், நாங்கள் 160 கிலோ அதிகம். அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாயில் ஆரம்பிக்கிறது, அதைவிட பிரேக்கை நினைத்துத்தான் பயந்தேன். நான்கு கேபிள் சுருளை அங்கேயே இறக்கி வேறு வண்டியில் ஏற்றினோம், 2,900 வந்தது. திரும்பும்போது ஸ்டியரிங் கைக்குள் நின்றது. இரவில் மேடையில் வெளிச்சம் போதாது, பகலில் போங்கள்.