சுங்கை சிப்புட்டில் மரபணு ஆலோசனைச் சேவை: எங்கள் குடும்ப அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் நகரில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில், அருகிலுள்ள ஈப்போ நகரிலிருந்து ஓர் ஆலோசகர் மாதம் ஒருமுறை வந்து மரபணு ஆலோசனை வழங்குகிறார். கடந்த ஓராண்டில் நாங்கள் நான்கு முறை அவரைச் சந்தித்திருக்கிறோம். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் 30 ஆண்டுகள் ஆசிரியராக இருந்த எனக்கே இப்படி ஒரு சேவை இவ்வளவு அருகில் இருப்பது தெரியாமல் இருந்தது என்பதால், தேவைப்படும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பேரனுக்கு வயது 5. பேச்சு இன்னும் சில சொற்களைத் தாண்டவில்லை. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. பிறந்தபோதே தலை பெரிதாக இருந்தது. 'பாட்டியின் தலை அப்படியே வந்திருக்கிறது' என்று உறவினர்கள் சொன்னபோது, மறைந்த என் மனைவியை நினைத்து நாங்கள் மகிழ்ந்தோம். ஆட்டிசம் என்று உறுதி செய்த குழந்தை மருத்துவர், தலையின் சுற்றளவையும் அளந்து பார்த்துவிட்டு, மரபணுப் பரிசோதனை செய்வது நல்லது என்று எழுதிக் கொடுத்தார்.

முதல் சந்திப்பில் ஆலோசகர் எந்த மாதிரியும் எடுக்கவில்லை. ஒரு பெரிய தாளை விரித்து, ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமுமாக எங்கள் மூன்று தலைமுறையையும் வரைந்தபடி, ஒரு மணி நேரம் கேள்வி மட்டுமே கேட்டார். என் மனைவி 43 வயதில் மார்பகப் புற்றுநோயால் இறந்ததும், அவருக்குக் கழுத்தில் கழலை இருந்ததும், என் மகளுக்கு 29 வயதில் தைராய்டு கட்டியை அகற்றியதும், மகளின் ஈறுகளில் சிறுசிறு பருக்கள் இருப்பதும் அந்தத் தாளில் வரிசையாக ஏறின. பேரனின் குறை மூளையைச் சேர்ந்தது, பாட்டியின் நோய் வேறு என்றே நாங்கள் அதுவரை நினைத்திருந்தோம்.

ஆறு வாரம் கழித்து வந்த முடிவில், பி-டென் (PTEN) என்னும், கட்டி வளராமல் தடுக்கும் மரபணுவில் பேரனுக்குப் பிழை இருப்பது தெரிந்தது. மகளுக்கும் அதே பிழை இருந்தது, எனக்கு இல்லை. அது என் மனைவி வழியாக வந்திருக்கலாம் என்றும், மகளிடமே புதிதாகத் தோன்றியிருக்கவும் கூடும் என்றும் ஆலோசகர் சொன்னார். இறந்தவரைச் சோதிக்க வழியில்லாத நிலையில், தெரிந்ததை விட ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்லாத அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

அவர் தமிழில் விளக்கிய விதமே இந்தச் சேவையின் பெரிய பலம். 1997ஆம் ஆண்டில் பத்தாவது குரோமோசோமில் கண்டறியப்பட்ட இந்த மரபணு, உயிரணுவை 'வளர், பிரி' என்று தூண்டும் ஒரு கொழுப்பு மூலக்கூறிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி, அந்தத் தூண்டுதலைத் தணிக்கும் புரதத்தை உருவாக்குகிறதாம். தோட்டத்து மேட்டிலிருந்து மிதிவண்டியில் இறங்கும்போது இரண்டு பிரேக்குகள் இருப்பதைப் போல, ஒவ்வோர் உயிரணுவிலும் இம்மரபணுவின் இரண்டு பிரதிகள் உள்ளன. பிறப்பிலேயே ஒன்று பழுதானவர்களுக்கு, ஏதேனும் ஓர் உயிரணுவில் மற்றொன்றும் பழுதாகிவிட்டால் அங்கே கட்டி வளர வழி திறக்கிறது. இந்த 'இரண்டு அடி' விளக்கத்தை, குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை ஆராய்ந்து 1971இல் முன்வைத்தவர் ஆல்ஃபிரட் நட்சன்.

மூளைக்கு மட்டும் ஏன் முன்கூட்டியே பாதிப்பு என்று கேட்டேன். நரம்பணுக்களின் வளர்ச்சி இந்தப் புரதத்தின் அளவையே நம்பியிருப்பதால், அங்கே இரண்டாவது பிரதி பழுதாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அளவு குறைவதே அவற்றின் பருமனையும் இணைப்புகளையும் மாற்றப் போதுமானது என்றார். எலிகளின் நரம்பணுக்களில் இம்மரபணுவை நீக்கிப் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், மூளை பெருத்ததோடு, பிற எலிகளோடு பழகும் இயல்பும் குன்றியதாம். உறவினர்கள் மெச்சிய அந்தப் பெரிய தலைக்குக் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

பிழையைத் திருத்தும் மருந்து இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் செய்ய வேண்டியவற்றைத் தெளிவாகச் சொன்னார்: 34 வயதாகும் மகளுக்கு ஆண்டுதோறும் மார்பக எம்.ஆர்.ஐ., மேமோகிராம், தைராய்டு ஸ்கேன், அடுத்த ஆண்டு பெருங்குடல் பரிசோதனை. பேரனுக்கு 7 வயதிலிருந்து தைராய்டு ஸ்கேன். அவனுடைய பேச்சுப் பயிற்சி வழக்கம்போல் தொடர வேண்டும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மகளின் பரிசோதனை முடிவைச் சந்திப்புக்கு இரண்டு நாள் முன்பே கிளினிக் ஊழியர் ஒருவர் தொலைபேசியில் 'பாசிட்டிவ்' என்று மட்டும் சொல்லிவிட்டார். தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பெண் அந்த இரண்டு இரவுகளும் உறங்கவில்லை. இதை நான் எளிதில் மன்னிக்க மாட்டேன். அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு பக்கச் சுருக்கமாவது தமிழிலோ மலாயிலோ தந்திருக்கலாம். இந்த முடிவு காப்புறுதி எடுக்கத் தடையாகுமா என்ற பேச்சு, மாதிரி எடுப்பதற்கு முன்பே நடந்திருக்க வேண்டும். கட்டணம் என் மகளின் ஒரு மாதச் சம்பளத்தை விட அதிகம். கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபியல் துறை இருப்பதையும், பரிந்துரைக் கடிதத்தோடு அங்கே போகலாம் என்பதையும் ஆலோசகரே முதல் நாளில் சொன்னார். பேரனைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் அலைய முடியாமல்தான் நாங்கள் இங்கேயே செய்துகொண்டோம்.

பேத்திக்கு இப்போது 3 வயது. பிழை அவளுக்கு வந்திருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்பதால், முடிவைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதம் இதே ஆலோசகரிடம் அவளை அழைத்துப் போகிறோம்.